பொன்செல்வியின் வாய்ப்பூட்டு

சங்கரன்கோவிலில் நைட்டிக்கடை வைத்துக்கொண்டு ஊர்வம்பு பேசமாட்டேன் என்பவளை என்னதான் செய்வது? பொன்செல்வியின் கடைக்கு வரும் பெண்களுக்கு அதுதான் பெரிய மனக்குறை. துணி தரம், விலை நியாயம், ஆனால் வாயில் பூட்டு.

அந்தப் பூட்டு ஜெருசலேமில் போட்டது. அங்கே ஹன்னா என்ற யூத அம்மாளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் சில வருஷம் இருந்தாள். அந்த அம்மாளின் மதத்தில் 'லஷோன் ஹரா' என்று ஒன்று உண்டு: ஒருவரைத் தாழ்த்திப் பேசும் பேச்சு. பொய் என்றால் பாவம் இன்னும் பெரிது. உண்மையே ஆனாலும் பேசக்கூடாது, காது கொடுத்துக் கேட்கவும் கூடாது. யாருக்காவது கெடுதல் வராமல் தடுக்க மட்டும், கண்ணால் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லலாம். பொன்செல்விக்கு இது பிடித்துப்போகக் காரணம் இருந்தது. அவள் அங்கே இருந்தபோது, "எவன்கூடயோ குடித்தனம் நடத்துதா" என்று எதிர்வீட்டு மாரித்தாய் இங்கே பரப்பிவிட்டாள். பொன்செல்வியின் அம்மா அதோடு தெருவில் இறங்குவதையே விட்டுவிட்டாள்.

அந்த மாரித்தாயின் மகள் கோகிலாவுக்கு ராயகிரியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா அன்னக்கிளி, நைட்டி எடுப்பதுபோலக் கடைக்கு வந்து மெதுவாக விசாரித்தாள்.

"எதிர்வீட்டுப் பிள்ள எப்படிம்மா?"

"நான் யாரப் பத்தியும் பேசுததில்லம்மா."

பெண் விசாரிக்க வந்த இடத்தில் மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான். அன்னக்கிளி எடுத்த நைட்டியை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினாள். சம்பந்தம் நின்றுபோனது. கோகிலா அழுத அழுகை பொன்செல்வி வீடுவரை கேட்டது.

பொன்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. கோகிலா தங்கமான பிள்ளை. அதைச் சொல்ல எந்த மதம் தடுத்தது? 'அவரைப் பற்றி என்னிடம் கேட்காதே' என்பதும் லஷோன் ஹராவில் சேர்த்திதான் என்று ஹன்னா அம்மாள் சொன்னது இப்போதுதான் உறைத்தது. அன்று வாயை மூடியபோது உள்ளுக்குள் கொஞ்சம் இனித்ததும் அவளுக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. மறுநாளே ராயகிரிக்குக் கிளம்பினாள்.

"எங்கம்மா காலொடிஞ்சு கெடந்தப்போ கோகிலாதான் தெனமும் வந்து குளிப்பாட்டிவிட்டா. நான் வீடியோ கால்ல பாத்தேன்" என்றாள்.

"பெறவு அன்னைக்கு ஏன் வாயத் தொறக்கல?" என்று கேட்டாள் அன்னக்கிளி.

"அவ அம்மா மேல எனக்குக் கோவம்."

"ஏன், அந்தப் பொம்பள என்ன செஞ்சா?"

வீடே காதைத் தீட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்னாலும் கல்யாணம் போகும், பேசாமல் இருந்தாலும் போகும். பொன்செல்வி வாயைத் திறந்தாள்.

"கோழிக்கொழம்பு வச்சா தெருவுக்கே குடுப்பா. எனக்கு மட்டும் குடுத்துவிடல."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த கையோடு தேதியும் குறித்தார்கள். குழம்புக்காகக் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தவள் என்ற பெயர், பொன்செல்வி ஏறிய பஸ்ஸுக்கு முன்னாலேயே சங்கரன்கோவில் வந்து சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் மாரித்தாய் வந்தாள். கையில் தூக்குவாளி நிறையக் கோழிக்குழம்பு. முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

"ஏட்டி, நான் உன்னப் பத்திப் பேசுனத அங்கன சொல்லியிருக்கலாம்லா? நான் அப்படிப் பேசுனேங்கது உண்மைதான?"

"உண்மைதான் மதினி" என்று தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள் பொன்செல்வி. "அதான் சொல்லல."