பூல்மணி வருகை சொன்னாள்

என் ஒன்றாம் வகுப்பில் பூல்மணி இன்று வாய் திறந்தாள்!

ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த வீட்டுப் பிள்ளை. பள்ளியில் சேர்ந்ததிலிருந்து ஒரு சொல்கூடப் பேசியதில்லை. பேசாத பிள்ளையை இனி அனுப்பப்போவதில்லை என்று நேற்று அவள் அம்மா சொல்லிவிட்டார்.

அதனால் இன்று வருகை எடுக்கும்போது, “‘உள்ளேன் டீச்சர்’ வேண்டாம். அவங்கவங்க ஊட்ல பேசற மாதிரி சொல்லுங்க” என்றேன்.

படுக மொழி வந்தது, மலையாளம் வந்தது. பூல்மணி எழுந்து தன் மொழியில் உரக்கச் சொன்னாள்.

“ஏனுங்க டீச்சர், இவளுக்குப் பேச வருமுங்களா?” என்றான் பக்கத்தில் இருந்த சிவா.

பிறகு எல்லோருக்கும் அவள் மாதிரியே சொல்ல வேண்டுமாம். தப்பாகச் சொன்ன சிவாவின் தலையில் தட்டித் திருத்தினாள்.

மாலையில் அவள் நிறுத்தாமல் பேசுவதைக் கேட்ட அம்மா, என்னிடம் “நாளைக்கு வரும்” என்றார்.

நாளை முழு வகுப்பும் அதையே சொல்லும். அர்த்தம் எனக்குத்தான் தெரியாது. அவள் பேசும் சாத்ரி மொழி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?