மாப்பிள்ளையின் போன் நம்பர்

எங்கள் பெரியப்பாவுக்கு எட்டு என்றால் ஆகவே ஆகாது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி நடத்தியவர், விவரமான மனுஷன். புது பைக்கின் நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதென்று ஒரு நாள்கூட ஓட்டாமல் விற்றாரென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எதையும் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிச் சொல்லும் வேலை, நான்காம் வகுப்பு படித்த எனக்கு.

அவருடைய கடைசித் தங்கை, அதாவது என் அத்தை, எம்.எஸ்ஸி. கணக்கு முடித்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் வேலை. ஜாதகமும் பொருந்திவிட்டது. ஒரு நாள் காலை தரகர் மாப்பிள்ளையின் நம்பரைப் பெரியப்பாவுக்கு அனுப்பிவைத்தார். பெரியப்பா போனை என்னிடம் நீட்டினார்.

"ஏட்டி, கூட்டிச் சொல்லு."

பத்து இலக்கத்தையும் கூட்டினேன். வந்ததை மறுபடியும் கூட்டினேன். "எட்டு பெரியப்பா!" என்று கத்தினேன். தப்பில்லாமல் கூட்டிய பெருமை எனக்கு.

பெரியப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். "இது வேண்டாம். அவியகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கூட்டல் கணக்குக்காகக் கல்யாணம் நின்றுபோகுமா?

அடுப்படியிலிருந்து அத்தை வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. அண்ணன் முன்னால் அதுவரை அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணே, நம்பருக்கு முன்னால தொண்ணுத்தி ஒண்ணு உண்டுல்லா? அதையும் சேத்தாத்தான் முழு நம்பரு. நான் சொல்லுதேன், கால்குலேட்டர்ல அடிச்சு ஒம்பதால வகுத்துப் பாருங்க. மிச்சம் வந்தா இந்தச் சம்பந்தமே வேண்டாம்."

அம்மா "ஐயையோ" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

அத்தை நிலைப்படியில் நின்றபடி ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். பெரியப்பா ஒவ்வொன்றையும் போனோடு சரிபார்த்து, "ஆமா... ஆமா..." என்று மேசைக் கால்குலேட்டரில் அடித்தார். மொத்தம் பன்னிரண்டு இலக்கம். தொண்ணூற்றோராயிரம் கோடியைத் தாண்டிய எண்! அம்புட்டுப் பெரிய எண்ணை நான் கண்ணால் கண்டதில்லை. ஒன்பதால் வகுத்தார். புள்ளியே விழவில்லை. மிச்சம் மீதியில்லாமல் வந்து நின்றது.

நானும் கூட்டினேன். எட்டோடு ஒன்பதும் ஒன்றும் சேர்ந்தால் பதினெட்டு. ஒன்றும் எட்டும் ஒன்பது என்றேன்.

"ஒம்பதா! அடேயப்பா, அமோகம்லா!" பெரியப்பா தரகரைக் கூப்பிட்டு அப்போதே சம்மதம் சொல்லிவிட்டார். "அப்ப உங்க நம்பருக்கும் தொண்ணுத்தி ஒண்ணைச் சேக்கணுமே" என்று நான் ஆரம்பித்தேன். அம்மா தொடையில் கிள்ளிவிட்டாள்.

வகுப்பதற்கு முன்பே மிச்சம் வராதென்று அத்தைக்கு எப்படித் தெரிந்தது? பல நாள் அதையே நினைத்து மலைத்துக் கிடந்தேன். இலக்கங்களைக் கூட்டி ஒன்பது வந்தால் அந்த எண் ஒன்பதால் வகுபடும் என்று பிறகு பள்ளியில் படித்தபோது, சே, இவ்வளவுதானா என்றிருந்தது.

ஆனால் அன்று காலைதான் வீட்டுக்கு வந்த நம்பர் அது. இருந்ததோ பெரியப்பாவின் போனில். அத்தை அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பத்து இலக்கத்தையும் எப்படி மனப்பாடமாக ஒப்பித்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல வேளை, பெரியப்பாவுக்கும் தோன்றவில்லை.