வேட்டி கட்டிய தீர்த்தங்கரர்

அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் எனக்கு வேலை. பக்கத்துக் கிராமத்து சர்ச்சிலிருந்து, தங்களுடைய பழைய கோயிலைப் படமாகப் போட்டுக் காலண்டர் வேண்டுமென்று ஆர்டர் வந்தது. கேமரா பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால், வெள்ளிக்கிழமை தொழுகைக்கே ஒழுங்காகப் போகாத என்னை முதலாளி மாதா கோயிலுக்கு அனுப்பிவைத்தார்.

நூற்றாண்டு கண்ட சுண்ணாம்புச் சுவர் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தது. அதன் மேல் உச்சி வரைக்கும் குளியலறை டைல்ஸ் ஒட்டியிருந்தது. சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை.

"துபாயில இருக்குற எங்காளுக செஞ்சு குடுத்தாக. ஈரத்துணி வச்சுத் துடைச்சாப் போதும்."

பழமையைத் துடைத்தெடுக்க அதைவிடச் சுலபமான வழி எனக்கும் தெரியவில்லை. இதைவிடப் பழையது எதுவும் இல்லையா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பழசுதான் வேணும்னா அந்தா, அந்தப் பாறைக்குப் போங்க. சமணச் சாமியாருக இருந்த மடமாம். எல்லாம் இடிஞ்சு கெடக்கு."

ஏறினேன். சேதப்படுத்துவோருக்குத் தண்டனை என்று அரசாங்கம் வைத்த நீலப் பலகையையே யாரோ சேதப்படுத்தியிருந்தார்கள். துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகளில் சீட்டுக்கட்டும் பீடித்துண்டுகளும் கிடந்தன. துறவறம் செழிப்பாகத்தான் இருந்தது.

இடிந்த சுவரோரம் தனிக்கல்லாக நின்ற தீர்த்தங்கரருக்கு ஒரு அம்மா புது வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்று நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளிநிற மருந்து சொன்னது.

"இவுக துணியையே துறந்தவுகம்மா" என்றேன், படித்தவன் தோரணையில்.

"அவுக துறந்தாக. நான் துறக்கலையே. பொம்பளைக வார எடம்."

பிறகு முடிச்சை இறுக்கியபடியே சொன்னார். "போன வருசம் வேட்டி மாத்த லீவு போட்டேன். அன்னைக்குத்தான் எங்க ரூமு வெடிச்சுச்சு. கூட வேலை பாத்த மூணு பேரு போயிட்டாக."

வேட்டி நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் படங்களைப் பார்த்த முதலாளி, "டைல்ஸ் கடை காலண்டராடா இது?" என்று கேட்டுவிட்டு, எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டு சர்ச் படத்தை எடுத்துப் போட்டார். கூரையெல்லாம் பனி.

காலண்டர் போய்ச் சேர்ந்ததும் கோயில்பிள்ளை போன் செய்தார். "எங்க கோயிலு அப்படியே உரிச்சு வச்சாப்புல இருக்கு. வெள்ளையடிச்சது மட்டும் கொஞ்சம் சாஸ்தி."