கும் சத்தமும் ஒரு கட்டிலும்

மண்டி போட்டுக்கொண்டு சுவரோரமாக ஊர்ந்துகொண்டிருக்கிறார். கண்கள் மூடியிருக்கின்றன. வலது காது சுவரைத் தொட்டும் தொடாமலும் போகிறது. எதிர்ப்பக்கம் நெஞ்சுயர ஸ்பீக்கர்கள் இரண்டும் செல்லோ என்ற பெரிய வயலினின் அடிமட்ட ஸ்வரம் ஒன்றை முழங்குகின்றன. அது முடிந்ததும் எழுந்து போகிறார், ரெக்கார்டில் ஊசியை அதே இடத்தில் வைக்கிறார், திரும்பி வந்து மண்டி போடுகிறார். மனைவி துடைப்பத்தோடு வந்து அவரைச் சுற்றிப் பெருக்குகிறார். நாற்காலியைச் சுற்றிப் பெருக்கிப் பழகிய கைதானே.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினார். "இங்கதான் இருக்கு," என்று மூலையைக் காட்டினார்.

"என்னது, எலியா?"

"கும்மு."

கும்மு என்பது அவராக வைத்த பெயர். பாட்டில் வரும் தாழ்ந்த ஸ்வரங்கள் எல்லாம் அந்த மூலையில் போய் அடைந்துகொண்டு, வெளியே வர வழி தெரியாமல் வீங்கி, பாடுகிறவரின் குரல் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு அது கேட்பதே இல்லை. கேட்டாலும், நன்றாக அதிர்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போவோம். அவருக்கோ அது பல்லிடுக்கில் மாட்டிய நார். நாக்கு அங்கேதான் போகும்.

பல் அவருக்குத் தொழில். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, தேய்த்து மெருகேற்றிப் பல் செட்டாக்கிக் கொடுப்பது இவர் வேலை. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு இவர் கையால் ஆனது. ஆனால் யாருடையது என்று சொல்ல மாட்டார். பட்டறையில் காலையிலிருந்து தேய்ப்பு மிஷின் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். இவர் காதில் பஞ்சு. மதியம் சாப்பிடும்போதுகூட அதை எடுப்பதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் ஊறுகாய் வேண்டுமா என்பதைக்கூடச் சைகையில்தான் கேட்பார்கள். "பகல்ல காதைப் பூட்டி வெச்சாத்தான் சாயங்காலம் திறக்க முடியும்," என்பார்.

சாயங்காலத் திறப்பு விழாவுக்குச் சில சடங்குகள் உண்டு. வந்ததும் குளியல். முதல் வேலையாக ஆம்ப்ளிஃபையரைப் போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவார். அது சூடேற வேண்டும். "அதுவும் மனுஷன் மாதிரிதான். தூக்கத்துலேர்ந்து எழுப்பிப் பாடச் சொன்னாப் பாடுமா?" பிறகு பல்லுக்குக் கடைசி மெருகு போடும் மெல்லிய பிரஷால் ரெக்கார்டு ஊசியைத் துடைப்பார். கடைசியாக, பூனைநடை நடந்து சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜை அணைப்பார். அதன் முனகல் இரண்டு சுவரைத் தாண்டி வந்து இவரைத் தொந்தரவு செய்கிறதாம். திரும்பப் போட மறந்து, பால் திரிந்து, வாங்கிக் கட்டிக்கொள்வது வாடிக்கை. "பாட்டுக் கேக்கிறவங்க வீட்டுல பாலுக்கு ஆயுசு கம்மி," என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.

மற்ற விஷயங்களில் இவரும் நம்மைப் போலத்தான். பிடிக்காத சட்டையைப் பிரமாதம் என்பார். செருப்பே போட்டிருக்க மாட்டார், ஃபோனில் "வந்துக்கிட்டே இருக்கேன்" என்பார். ஆனால் சத்தத்தைப் பற்றி மட்டும் ஒரு பொய் சொன்னதில்லை. நெருங்கிய சிநேகிதரான வங்கி மேனேஜர் ஒருவர் புதிதாக வாங்கிய ஸ்டீரியோவைக் காட்ட நாலு பேரை வீட்டுக்கு அழைத்தார். எல்லோரும் ஆகா என்றார்கள். இவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அந்தம்மா ஏன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுறாங்க?" என்றார். மேனேஜரின் முகம் தொங்கிப்போய்விட்டது. அதோடு இந்தப் பக்கம் வருவதும் நின்றது.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று மனைவி கேட்டார்.

"சொல்லியிருக்கலாம். அப்புறம் என் காதை நானே எப்படி நம்புறது?"

இப்படிப்பட்ட காதுக்குத்தான் அந்தக் கும்மு வாய்த்தது. அவர் செய்யாத வைத்தியம் இல்லை. தரைவிரிப்பு போட்டார், கனத்த திரை தொங்கவிட்டார், மூலையில் பழைய புத்தகங்களை அடுக்கினார். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கும்மு பெருகும், முன்னே இழுத்தால் அடங்கும் என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே இழுத்தார், மேலும் இழுத்தார். ஸ்பீக்கர் அறை நடுவில் வந்து நின்று, மனைவி கால் விரலை இடித்துக்கொண்டு நொண்டியபோதுதான் நிறுத்தினார். பிறகு நகக்கண் அளவு நகக்கண் அளவாகப் பின்னே தள்ளி ஓர் இடத்தில் நிறுத்தினார். அன்றிலிருந்து வீட்டில் சட்டம்: ஸ்பீக்கரைத் துடைக்கலாம், நகர்த்தக் கூடாது. கும்மு இளைத்தது, போகவில்லை.

மனைவிக்கு ஓர் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து சீட்டிலிருந்து கத்திக் கத்தியே அவருடைய குரல் ஒரே அளவில் நின்றுவிட்டது. தெருமுனையில் நலம் விசாரித்தால் இங்கே பதில் சொல்லலாம். புதுமாப்பிள்ளையாக இருந்தபோது இவரும் அவரிடம் கார் கற்கப் போனார். ஒரே பாடம். "கிளட்ச், மாப்ளே, கிளட்ச்" என்ற கத்தலில் காது அடைத்துப்போய், நடுரோட்டில் வண்டியை நிறுத்தி இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். இன்றுவரை பஸ்தான். மச்சானோ ஸ்டீரியோவைப் பார்த்த அன்றே, "என்ன மாப்ளே, இந்த வயசுல பொம்மை?" என்றார். அதற்கப்புறம் இருவரும் பேசிக்கொண்டது "வாங்க", "சாப்பிட்டீங்களா", "அப்ப வர்றேன்" என்ற மூன்று சொல்லில் அடங்கிவிடும்.

அந்த மச்சான் ஸ்கூலுக்கு மேலே தாம் குடியிருந்த மாடி அறையின் செங்குத்துப் படியில் வழுக்கிக் கணுக்காலுக்கு மேல் எலும்பை முறித்துக்கொண்டார். பார்த்துக்கொள்ளத் தங்கையை விட்டால் ஆளில்லை. தங்கை வீட்டில் குளியலறை ஒட்டியிருக்கும் அறை ஒன்றே ஒன்றுதான். எந்த அறை என்று சொல்ல வேண்டியதில்லை. மனைவி கேட்கவில்லை, சொன்னார். இவர் சரி என்றார். அந்தச் "சரி"யைச் சொன்னபோது முகம் பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் முகம்போல இருந்தது. ஆஸ்பத்திரிச் சாமான் கடையிலிருந்து வாடகைக் கட்டில் வந்தது. வேறு இடமில்லாததால் மூலையிலிருந்த புத்தகங்களை அகற்றிவிட்டுக் கட்டிலை அங்கே போட்டார்கள். மேலே தடித்த மெத்தை, இரண்டு தலையணை, போர்வைகள், எல்லாவற்றுக்கும் மேல் மச்சான்.

முதல் நாள் இவர் சொன்ன ஒரே வார்த்தை மாவுக்கட்டைப் பற்றித்தான். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள காத்துக் குமிழி இருக்கு. என் பட்டறையில இப்படி வார்த்தா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்," என்றார். அப்புறம் ஆம்ப்ளிஃபையர் மேல் துணியைப் போர்த்திவிட்டு வெளியே வந்து திண்டாடினார். சாயங்காலங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். ஃபிரிட்ஜ் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வாய் திறந்தவர் மச்சான்தான். "எதையாவது போடுங்க மாப்ளே. விட்டத்தப் பாத்துப் பாத்து எனக்குக் கிறுக்குப் பிடிக்குது."

துணியை எடுத்தார், கையில் அகப்பட்ட செல்லோ ரெக்கார்டை வைத்தார், வேண்டாவெறுப்பாக நாற்காலியில் உட்கார்ந்தார். அடிமட்ட ஸ்வரம் வந்தது. வந்தது, நின்றது, போயிற்று. எதன் மேலும் ஏறி உட்காரவில்லை. இவர் விருட்டென்று எழுந்து மண்டி போட்டுக் கட்டில் காலடிவரை ஊர்ந்து போனார்.

மச்சான் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"மூலையில ஒரு சத்தம் இருந்துச்சு. காணோம்." தரையில் உட்கார்ந்தபடியே கட்டிலையும் மெத்தையையும் அதன் மேல் கிடந்த பெரிய உடம்பையும் பார்த்தார். "நீங்க வந்து அடைச்சிட்டீங்க மச்சான்."

"அப்படியா? இந்த உடம்பால யாருக்காவது உபகாரம் நடக்குதுன்னா இதுதான் முதல் தடவை."

பிறகு தினமும் கச்சேரிதான். இவருடைய அறையில் பாட்டு ஓடும்போது பேசக் கூடாது. மச்சானால் பேசாமல் இருக்க முடியாது. இரண்டில் ஒன்று உடைய வேண்டும், சட்டம் உடைந்தது. வயலின்காரர் வேகம் பிடித்தால், "நாலாவது கியருக்குப் போயிட்டான்," என்பார் மச்சான். பாட்டு திடீரென்று திசை மாறினால், "பாத்தீங்களா, இண்டிகேட்டர் போடாமத் திரும்புறான்." முதலில் இவர் பல்லைக் கடித்தார். அப்புறம் சிரிப்பை அடக்கினார். அதற்கும் அப்புறம், வேகம் கூடும் இடம் வந்தால் இவரே ஓரக்கண்ணால் கட்டில் பக்கம் பார்த்துக் காத்திருக்க ஆரம்பித்தார். ஒருநாள் பாடகி அடுத்த வரிக்கு மூச்சு இழுத்த சத்தத்தைக் கேட்டுவிட்டு மச்சான் குரலைத் தாழ்த்தி, "ரூமுக்குள்ளயே இருக்கு மாப்ளே அந்தப் பொண்ணு," என்றார். அவருக்குத் தாழ்ந்த குரலும் உண்டென்று வீட்டுக்கே அன்றுதான் தெரிந்தது.

எலும்பு கூடிவிட்டது. கட்டைப் பிரிக்க நாள் குறித்ததுமே மச்சான் புறப்படுகிற பேச்சை எடுத்தார். தங்கை, இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே என்று தொடங்கினார்.

"எதுக்கு? தங்கச்சி வீட்டுல கட்டிலப் போட்டுப் படுத்துக்கிட்டான்னு பேர் வாங்கவா? நான் எங்கயும் சும்மா உக்காந்து சாப்பிட்டவன் இல்ல."

"அந்தப் படி ஏறணுமே அண்ணே."

"ஏறுவேன்."

தங்கை அன்று துவைத்த துணியை மடிக்கும்போது கணவரிடம், "ஒரு தடவ விழுந்த காலு," என்று மட்டும் சொன்னார். அறையைக் கேட்கவில்லை. அது அவருடைய அறை என்பதை இத்தனை வருஷம் சுற்றிப் பெருக்கியவருக்குத் தெரியாதா?

கட்டுப் பிரிக்க அண்ணனும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வீட்டில் இவர் மட்டும். சும்மா இருப்பாரா? செல்லோ ரெக்கார்டைப் போட்டு, காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டார். கும்மு இல்லை. மறுபடி போட்டார். இல்லவே இல்லை. ஆக வைத்தியம் செய்தது கட்டிலும் மெத்தையும்தான். மச்சானுக்கு அதில் பங்கில்லை. கட்டிலை விலைக்கு வாங்கிவிட்டால் போதும். இத்தனை வருஷம் தேடியது கிடைத்துவிட்டது, அறையும் திரும்பக் கிடைக்கப்போகிறது. நாற்காலியில் சாய்ந்து வயலின் ரெக்கார்டைக் கேட்டார். சத்தம் குற்றம் சொல்ல முடியாதபடி இருந்தது. வேகம் கூடும் இடம் வந்தது. இவர் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு பாதியில் இருக்கும்போதே எழுந்துபோய் ஊசியைத் தூக்கிவிட்டார். அவருக்கு மச்சான் வேண்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் அந்த மனிதர் உபசாரத்துக்குக் கட்டுப்படுகிறவரும் இல்லை.

புறப்படும் நாளில் வாடகைக் கார் வாசலுக்கு வந்து நின்றது. மச்சான் பையைத் தோளில் மாட்டி, கைத்தடியை ஊன்றி அறை வாசலில் நின்று, "அப்ப வர்றேன் மாப்ளே," என்றார்.

"ஒரு நிமிஷம் மச்சான். நீங்க போனா இந்த ரூம் என்ன கதி ஆகும்னு கேட்டுட்டுப் போங்க. உள்ள வராதீங்க, அங்கயே நில்லுங்க."

ஊசியை வைத்தார். ஒயரைச் சரிபார்ப்பவர்போல ஸ்பீக்கருக்கு முன்னால் குனிந்தார். அடியில் கம்பளித் துண்டுகள் ஒட்டியிருந்த அதை முழங்காலால் அழுத்திச் சுவரை நோக்கித் தள்ளினார். ஓசையில்லாமல் நகர்ந்து போய்ச் சுவரில் முட்டியது. ஸ்வரம் வந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது.

மச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டார். "சே. என்ன இது, லாரி எஞ்சின் மாதிரி?"

"நீங்க இல்லேன்னா இப்படித்தான். கட்டில் மட்டும் பத்தாது, பாரம் வேணும்," என்றார் இவர், முகத்தைத் திருப்பாமல். காது மடல் சிவந்திருந்தது.

"நான் இருந்தா அடங்கிடுமா?"

"படுத்துப் பாருங்களேன்."

அண்ணனுக்குப் பின்னால் நின்ற தங்கை சுவரைப் பார்த்தார், அதில் முட்டி நின்ற ஸ்பீக்கரைப் பார்த்தார், குனிந்திருந்த கணவரைப் பார்த்தார். காரை அனுப்பிவிட்டு வர வாசலுக்குப் போனார்.

மச்சான் பையை இறக்கினார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக மேலே எடுத்து வைத்தார். அவர் மெதுவாக மெத்தையில் சாயச் சாய, இவர் அவருக்கு முதுகு காட்டிக் குனிந்தபடியே, ஸ்பீக்கரை இரண்டு கையாலும் பிடித்து, நகக்கண் அளவு நகக்கண் அளவாக முன்னே இழுத்துக்கொண்டிருந்தார்.