தங்கை சக்கரத்தில் உட்கார்ந்த வெள்ளிக்கிழமை

எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளையைப் புகழ வேண்டுமென்றால், "அவ இருக்க எடமே தெரியாது" என்பார்கள். எழுபதுகளின் கடைசியில் அந்தப் புகழ்ச்சி என் தங்கைக்குக் கிடைத்தது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

முந்தின வருஷம் வரை அப்படி யாரும் சொன்னதில்லை. தெருவிலுள்ள விசைத்தறிகளின் சத்தத்தையும் மீறிக் கேட்கிற சிரிப்பு அவளுடையது. கரண்டு போனால் தறி நின்றது தெருவுக்கே தெரியும். அவள் சிரிப்பு நின்றது வீட்டில் இருந்த எங்களுக்கே தெரியவில்லை. முதலில், கூட்டாளிப் பிள்ளைகள் வந்து கூப்பிட்டாலும் போகமாட்டாள். அப்புறம் தலை பின்னிக்கொள்வதை விட்டாள். அவளுக்குப் பிடித்த அவியல் வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவாள். உடனே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அழுதிருந்தாலாவது என்னவென்று கேட்டிருப்போம். அவள் அழவில்லை.

வயதுக்கு வந்த பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டது என்றார்கள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, வந்து இருந்து பார்த்துவிட்டு, "மதினி, என் பயலுக்கு இவளத்தான் கெட்டணும். அவன் கத்துத கத்துக்கு இப்பிடி வாய் தொறக்காதவதான் சரிப்படுவா" என்றாள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தையில் கல்யாணம் என்று பேசியாயிற்று. தங்கையிடம் கேட்டதற்கு, "ம்" என்றாள். எதைக் கேட்டாலும் அப்போது அவளுக்கு "ம்"தான்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மாவிளக்கு எடுத்தோம். அத்தையும் கூட வந்தாள். சன்னதிக்கு முன்னால் தரையில், ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு யந்திரச் சக்கரம் உண்டு. மனசு பேதலித்தவர்களை அதில் உட்காரவைத்து வேண்டிக்கொள்வார்கள். அம்மா விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், தங்கை அதில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏட்டி, எந்திரி! அங்கன யாரு உக்காருவான்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரிஞ்சிதாம்மா உக்காந்திருக்கேன்."

"ஒனக்கு என்னட்டி கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்ல. காலைல முழிச்சா, எதுக்கு முழிச்சோம்னு இருக்கு. நெதமும் அப்பிடித்தான் இருக்கு."

அத்தை அம்மாவின் காதருகே குனிந்தாள். "மதினி, எல்லாரும் பாக்காவ. மொதல்ல தூக்கி விடுங்க. வெளிய சொல்லிக்கிடாதீய."

அம்மா தூக்கிவிடவில்லை. மாவிளக்குத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, தங்கை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எப்ப இருந்துட்டி இப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். அதுவரை எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. தங்கை விட்டு விட்டுச் சொன்னாள். அம்மா அவசரப்படுத்தவில்லை.

எழுந்து வரும்போது அம்மா அத்தையிடம், "தைக்கு வேண்டாம். பிள்ளைக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள். காய்ச்சலுக்குச் சொல்கிற அதே வார்த்தை. அதைவிட்டால் அம்மாவிடம் வேறு வார்த்தை இல்லை. ஆனால் அந்த வார்த்தை இருந்ததால்தான், காய்ச்சலுக்குப் போவதுபோல் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி, மனசுக்குப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் போக முடிந்தது. சிரிப்பு திரும்பி வர ரொம்ப நாளானது. பழையபடியே வந்தது என்றும் சொல்லமாட்டேன்.

அதற்கப்புறம் யாராவது, "எங்க பிள்ள ஒரு தொந்தரவும் பண்ணாது" என்று பெருமைப்பட்டால் அம்மா சும்மா விடமாட்டாள். "முன்னாடி எப்பிடி இருந்தா?" என்று கேட்பாள்.