விதானை கேட்ட சத்தியம்

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதுவும் தமிழ் எழுத்து மட்டும். கட்டாரில் இருக்கும் மகள் அனுப்புவது தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் வரும். குரலில் அனுப்பு என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மற்றதையெல்லாம் குரலில் அனுப்பியவள், விளையாட்டின் சட்டங்களை எழுத்தில் அனுப்பிவிட்டாள். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. ஆனாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

விளையாட்டு இதுதான். வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு குடும்பத்தில் எட்டு ஒன்பது பேர் போனில் ஒன்றுசேர்வோம். ஒருவர் விதானை, ஊர்த்தலைவர் மாதிரி. அவர் தனித்தனியே நீ கள்ளன், நீ ஊரான் என்று சொல்லிவிடுவார். பிறகு எல்லோரும் கதைத்து, குரலை வைத்துக் கள்ளனைப் பிடிக்க வேண்டும். கூடுதலான பேர் யாரைச் சொல்கிறார்களோ அவர் வெளியே. அதன் பிறகுதான் விதானை உண்மையைச் சொல்வார். கிழமைக்குக் கிழமை விதானை மாறும். விதானை தன் விருப்பத்துக்கு ஒரு விதி போடலாம், மகளின் பொதுச் சட்டத்தை மட்டும் மீறக் கூடாது. ஒரு கிழமை எல்லோரும் பாடித்தான் கதைக்க வேண்டும் என்று விதி வந்தது. அன்றைக்கு மச்சான் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் பிடித்து, அரை மணித்தியாலம் விடவில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் காக்கா, மூத்த அண்ணன். என் மனைவியும் இப்போது உயிரோடு இல்லை, அவருடைய மனைவியும் இல்லை. சாய்ந்தமருதில் அடுத்த ஒழுங்கையில் தனியே இருக்கிறார். ஒரே மகன், அவனும் கட்டாரில். வாப்பாவுக்கென்று தனியாகப் போன் எடுக்கிறவன் இல்லை. அந்த ஒரு மணித்தியாலந்தான் அவர் மகனின் குரலைக் கேட்பது. போன் கண்ணாடி வெடித்தபோது, வியாழக்கிழமையே கல்முனைக்குப் பஸ் ஏறிப்போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

என் முறை வந்தது. நான் போட்ட விதி, சந்தேகப்படுகிறவரிடம் சத்தியம் கேட்கலாம் என்பது.

"வாப்பா, சத்தியம் கேக்கப்படா எண்டு முதல் வரியிலேயே போட்டிரிக்கன்" என்றாள் மகள். "கள்ளனாப் போனவங்க பொய்ச்சத்தியமா பண்ணுற?"

"கள்ளன் சத்தியம் பண்ணத் தேவல்ல. வாயைப் பொத்திக்கிட்டு நிப்பான். அதுலதான் பிடிக்கிற."

"அது விளையாட்டில்ல வாப்பா."

"இண்டைக்கு விதானை நான். நான் சொல்லுறதுதான் சட்டம்."

என் மகளை அக்கா முறையில் கூப்பிடும் மச்சானின் மகன் சிரித்தான். "மாமாவை விடுங்க லாத்தா. விதானையெண்டா அப்பிடித்தான்." பிறகு அவனே தொடங்கினான். "வாப்பாட குரல் ஒரு மாதிரி இரிக்கி. அவர்தான். கேளுங்க மாமா."

நானும் கேட்டேன். "எங்க மச்சான், அல்லாவாண நான் எடுக்கல்ல எண்டு சொல்லுங்க பாப்பம்."

அவருடைய வீட்டு விசிறி கிறீச்சிடும் சத்தத்துக்கு மேலால் மச்சானின் குரல் வந்தது.

"நான் சொல்ல மாட்டன்."

"பாத்தீங்களா, நாக்கு எழும்பல்ல" என்றான் மகன். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒரு சொல்லுத்தானே மச்சான். சொல்லிட்டுப் போங்களேன்" என்றேன் நான்.

அவர் சொல்லவில்லை. எல்லோரும் அவரைத்தான் கள்ளன் என்றார்கள். மச்சான் கள்ளனில்லை, கள்ளன் அவருடைய மகன்தான் என்று நான் அறிவித்தேன். வாப்பாவையே மாட்டிவிட்ட கெட்டிக்காரன் என்று எல்லோரும் அவனைக் கொண்டாடினார்கள். அந்த நேரம் மச்சானின் படம் போனில் இல்லை. எப்போது போனார் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

மஹ்ரிபு தொழுகைக்குப் பள்ளிவாசலில் என் பக்கத்தில்தான் நிற்கிறவர், அன்றைக்கு வரிசை மாறி வேறு சப்பில் நின்றார். மூன்று நாள் அப்படி. நாலாம் நாள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் இருந்து, மருந்துகளைக் காலைக் குளிசை வேறு, பின்னேரக் குளிசை வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"விளையாட்டுத்தானே மச்சான்."

"தண்டயலும் அப்பிடித்தான் சொன்னான். ஒரு சொல்லுத்தானே, சொல்லிட்டுப் போ எண்டு."

அது பழைய கதை. நானும் மச்சானும் ஒரே கரைவலையில் இழுத்தவர்கள். எங்கள் வலைக்குத் தலைவர்தான் தண்டயல். வலையை எங்கே வளைப்பது, யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது எல்லாம் அவர் விருப்பம். ஒரு நாள் பின்னேரம் கரையோரக் குடிலான வாடியிலிருந்த புதுக் கயிற்றுச் சுருள் காணாமல் போனது. மச்சானில் சந்தேகம். பள்ளிக்குக் கொண்டுபோய், குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். இதற்குப் பள்ளி வேண்டாம், விசாரிப்போம் என்று ஒரு வயதாளி சொன்னார். நான் சொல்வதுதான் சட்டம் என்றார் தண்டயல். மச்சான் கை நடுங்க நடுங்கச் சத்தியம் பண்ணினார். நடுங்கினதைப் பார்த்தே ஊர் அவரைக் கள்ளன் என்றது. மாரி கழிந்து வேறொருவரின் தோணிக்கடியில் மண்ணுக்குள் அந்தக் கயிறு கிடந்தது. ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கயிறு காணாமப்போன அண்டைக்கு அசரிலிருந்து மஹ்ரிபு வரைக்கும் நான் உங்கட ஊட்டதானே இருந்த" என்றார் மச்சான். "சோத்துக்கு ஆணம் காச்சித் தந்தது என்ட தங்கச்சி. நீங்களும் பள்ளியில நிண்டீங்க. வாய் துறக்கல்ல."

துறக்கவில்லைதான். துறந்திருந்தால் என்னையும் வலையிலிருந்து விலக்கியிருப்பார்கள்.

"இப்ப என்ன செய்யட்டும் மச்சான்?"

"என்ட மகனுக்குச் சொல்லுங்க. அவன்ட வாப்பா கள்ளனில்ல எண்டு."

வீட்டுக்கு வந்து போனை அழுத்திக் குரல் பதியத் தொடங்கினேன். கயிற்றைச் சொன்னால் பள்ளியைச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை இன்றைக்கும் அறியாத மானக்கேட்டை நானே அவன் காதில் போட வேண்டும். என்னையும் சொல்ல வேண்டும். நாலைந்து தரம் பதிந்து அழித்தேன். கடைசியில், "மகன், உங்கட வாப்பா கள்ளனில்ல" என்று மட்டும் அனுப்பினேன்.

உடனே குரல் வந்தது. "அது தெரியுமே மாமா. கள்ளன் நான்தானே." அதன் கீழே சிரிக்கிற மஞ்சள் முகங்கள்.

மகளும் அன்றைக்கே சட்டங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தாள். எழுத்துக்கூட்டி வாசித்தேன். முதல் வரி, சத்தியம் கேட்கக் கூடாது. இரண்டாம் வரி, விதானைக்கும் இது பொருந்தும். அதை இப்போதுதான் புதிதாகச் சேர்த்திருந்தாள்.

மஹ்ரிபு முடிந்து பள்ளி வாசலில் செருப்புப் போடும்போது மச்சான் கேட்டார்.

"சொன்னீங்களா?"

"ஓம்."

"என்ன சொன்னான்?"

"தெரியுமெண்டு சொன்னான்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தியம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"அல்லாவாண மச்சான். தெரியுமெண்டுதான் சொன்னான்."

அவருடைய முகம் இளகிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் விளையாட்டுக்குப் போனார். நான் போனை எடுக்கவில்லை.