செடெனாக்கில் ஒரு நீலக் கார்

மடிக்கணினிக்குச் சந்தனம் வைப்பார்களா என்று கேட்பவர்கள் ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. என் கணவர் மோட்டார் சைக்கிளுக்கு வைப்பார், ஸ்பேனர் பெட்டிக்கு வைப்பார், ரைஸ் குக்கரைக்கூட விடமாட்டார். மடிக்கணினிக்கு மட்டும் மூடியின் நடுவில் சுண்டுவிரலால் ஒரே ஒரு பொட்டு. "கூட வச்சா அதுக்கு மூச்சு முட்டும்" என்பார். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு காலம் தள்ளியவர். அவற்றுக்கும் மூச்சு உண்டு என்று நிஜமாகவே நம்பினார்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பியவர் காலணியை மாட்டக் குனிந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார். மறுபடி எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, வந்த சொந்தபந்தம் கலைந்த பிறகுதான் அவருடைய மடிக்கணினியைத் திறந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் விட்ட இடத்திலேயே அது நின்றிருந்தது. அது அவருடைய கைப்பேசி இணையத்தில் ஓடுவது. கைப்பேசி நின்றதும் பக்கங்களும் அப்படியே உறைந்துவிட்டன. ஒரு பக்கத்தில் செடெனாக் என்ற ஊரில் யாரோ விற்கப் போட்டிருந்த பழைய நீலக் கார், ரம்புத்தான் மரத்தடியில். இன்னொன்றில் நாங்கள் இருக்கும் மாசாயிலிருந்து அங்கே போகும் வழி. மூன்றாவதில் வரப்போகும் ஞாயிற்றுக்கிழமையின் வானிலை: மதியத்துக்கு மேல் இடியுடன் மழை. அந்த ஞாயிறு அவர் காரைப் பார்க்கப் போவதாக இருந்தது. அத்தைக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, முட்டி தேய்ந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் ஏற முடியாது, யாராவது காரில் அழைத்துப் போனால்தான் கோயில்.

அந்த மடிக்கணினியை நான் அணைக்கவே இல்லை. மூடினாலும் தூங்காதபடி அவர் அதைப் பழக்கியிருந்தார். மின்கம்பியைப் பிடுங்க யாரையும் விடவில்லை. வேலை விட்டு வந்ததும் மூடியைத் திறந்து அந்த நீலக் காரைப் பார்ப்பேன், பிறகுதான் குளியல், சமையல் எல்லாம். அவர் புகைப்படங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் யாரோ சிரிக்கச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் காட்டியது அந்தத் திரை மட்டும்தான். அதில் இன்னும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. இதை யாரிடம் சொல்வது? ஊமை கண்ட கனவுதான்.

முதல் வருடம் பண்டிகை எதுவும் கிடையாது. திவசம் கொடுத்து முடித்து, இந்த வருடம்தான் ஆயுத பூஜை வந்தது. எனக்கு அன்று விடுமுறை இல்லை. மருந்துக் கடை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் சாம்பிராணி மணம். சாமி மேடையில், மடித்த பட்டுச் சேலையின் மேல் மடிக்கணினி. மூடி முழுக்கச் சந்தனம், ஓரமெல்லாம் குங்குமம், சுற்றிலும் மல்லிகைச் சரம். கல்யாணப் பெண்ணாகக்கூட நான் அவ்வளவு அலங்காரம் செய்துகொண்டதில்லை.

"அவன் இருந்தா வச்சிருப்பான்ல, அதான் நானே வச்சேன்" என்றார் அத்தை. முகமெல்லாம் திருப்தி.

நான் ஓடிப்போய்த் தொட்டேன். அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி கொதித்தது. திறந்தேன். கறுப்பு.

பொத்தானை அழுத்தினேன். விடாமல் அழுத்திப் பிடித்தேன். வேறு பிளக்கில் மாட்டினேன். பக்கத்து வீட்டிலிருந்து அதே மாதிரி சார்ஜர் வாங்கி வந்து சொருகினேன். விசிறிக்கு முன்னால் வைத்து ஆறவிட்டு மறுபடி அழுத்தினேன். ஓரத்தில் சின்ன விளக்கு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அடங்கியது.

"யாரு இதுல கை வைக்கச் சொன்னா?" என்று கத்தினேன். அத்தையிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. அவர் மல்லிகைச் சரத்தை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், முட்டிக்குத் தைலம்கூடத் தேய்த்தேன். பேச்சு மட்டும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் வீம்பு காட்டுகிறோமே என்று தெரிந்தது. தெரிந்தும் வாய் வரவில்லை.

மாசாய் கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். அடிப்பலகையைக் கழற்றியவர் சிரித்துவிட்டார்.

"ஆயுத பூஜையா அக்கா? வருஷா வருஷம் நம்ம ஆளுங்க ரெண்டு மூனு பேராவது வந்துருவாங்க. பாருங்க, காத்து போற வழி பூரா சந்தனம் காஞ்சு அடைச்சிருக்கு. ஃபேன்ல மல்லிப்பூ வேற. அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் சிரிக்கவில்லை என்றதும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

"பயப்படாதீங்க. உள்ள இருக்குற ஃபைல் ஒன்னும் போகாது."

"ஃபைல் வேணாம் தம்பி. தொறந்து வச்சிருந்ததெல்லாம் அப்படியே இருக்குமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேறு வழியின்றிச் சொல்லிவிட்டேன். கணவர், கார், வியாழக்கிழமை, எல்லாம். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆஃப் ஆனா எல்லாம் மூடிக்கும்லா அக்கா" என்றார் கடைசியில். "ஆனா இன்டர்நெட்டத் தொறந்தா, பழைய பக்கத்தத் திரும்பக் கொண்டு வரட்டுமான்னு கேக்கும். சரின்னு அமுத்துங்க. நான் இங்க ஆன் ஆகுதான்னு மட்டும் பாக்குறேன், மத்ததத் தொட மாட்டேன். வீட்டுல நீங்களே அமுத்துங்க."

சொன்னபடியே செய்தார். இரண்டாம் நாள் வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அதைப் பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தேன். பக்கங்கள் திரும்ப வரும் என்று முழுக்க நம்பினேன். நம்பிக்கை எவ்வளவு பொல்லாதது என்று பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். விசிறி லேசாக இரைந்தது. திரை வந்தது, சுத்தமாக, எதுவும் திறக்காமல். இணையப் பக்கத்தைத் திறந்தேன். தம்பி சொன்னது போலவே கேட்டது. சரி என்று அழுத்தினேன். இணையம் இல்லை என்றது. என் கைப்பேசியை இணைத்தேன். மூன்று பக்கங்களும் ஒவ்வொன்றாக வந்தன.

வானிலை, இன்றைய தேதி, வெயில். வழி காட்டும் பக்கம், எங்கே போக வேண்டும் என்று புதிதாகக் கேட்டது. கார் இருந்த பக்கத்தில் கார் இல்லை, ரம்புத்தான் மரமும் இல்லை. வெறும் சாம்பல் நிறக் கட்டம், அதன் கீழே மலாய் மொழியில் ஒரு வரி. விற்றாகிவிட்டது.

பின்னால் சுவரைப் பிடித்தபடி அத்தை வந்து நின்றார்.

"வண்டி இருக்காம்மா?"

"எந்த வண்டி?" அவரோடு நான் மறுபடி பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீல வண்டிதான். நீ வேலைக்குப் போனதும் நானும் தெனம் தொறந்து பாப்பேன். எனக்குன்னுதானே பாத்து வச்சிருந்தான்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் அது என் திரை, எனக்கு மட்டுமான துக்கம் என்று இருந்துவிட்டேன். நாற்காலியை இழுத்து அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"வித்துட்டாங்க அத்தை."

சாம்பல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டியைத் தடவிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம வரேன்னு சொல்லியிருந்தானே" என்றார். "அந்த ஆளு இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம்."